கணினியை மூடிவிட்டுக் கழனிக்குப் போகலாமா?

“இந்த வேலையை விட்டுவிட்டு, ஊர்ப் பக்கம் இரண்டு ஏக்கர் நிலம் வாங்கிக்கொண்டு போய்விடலாம் போலிருக்கிறது, அப்பா.”

மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரியும் மகனோ மகளோ உள்ள இல்லங்களில் இன்று அடிக்கடி செவியில் விழும் சொற்கள் இவை. சிலர் நிலம் என்பார்கள்; சிலர் நான்கு கறவை மாடுகள் போதும் என்பார்கள். ஒருவருக்குத் தென்னந்தோப்பு, இன்னொருவருக்குத் தெருமுனையில் ஒரு தேநீர்க் கடை. கிராமத்துப் பள்ளியில் கணக்கு வாத்தியாராகப் போய்விட வேண்டும் என்று ஏங்குவோரும் உண்டு.

ஒரே அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற பெற்றோருக்கு இந்தப் பேச்சு எளிதில் விளங்குவதில்லை. குளிரூட்டப்பட்ட அறை, கை நிறையச் சம்பளம், வாசலுக்கே வரும் வண்டி! இதில் என்ன குறை என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. அதற்குள் மற்றொரு வேதனையும் ஒளிந்திருக்கிறது. பிள்ளையின் பொறியியல் படிப்புக்காகவே பூர்விக நிலத்தை விற்றவர்கள் அவர்களில் பலர். அன்று விற்ற நிலத்தை இன்று மகன் கனவில் தேடுகிறான் என்றால் தந்தைக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரிவதில்லை.

ஆகவே, “உனக்கு என்னடா குறை?” என்று கடிந்துகொள்வார்கள், இல்லையேல் வேடிக்கைப் பேச்சு என்று சிரித்து ஒதுக்குவார்கள். இரண்டினாலும் பயனில்லை. அந்தப் பேச்சுக்குள் ஒரு செய்தி இருக்கிறது. அதைப் பொறுமையாகக் கேட்டறிவது வீட்டுப் பெரியவர்களின் கடமை.

கண்ணுக்குத் தெரியாத உழைப்பு

கணினிக்கு நிரல் எழுதுவது என்பது நாற்காலியில் அமர்ந்து விசைகளைத் தட்டும் வேலை போலத் தெரியும். உண்மையில் பெரும்பகுதி நேரம் எழுதுவதில் கழிவதில்லை. எவரோ எப்போதோ எழுதிவிட்டுப் போன பல்லாயிரம் வரிகளைப் படித்து, எந்த இடத்தில் பிழை இருக்கிறது என்று தேடுவதில் கழிகிறது. ஓரிடத்தில் கை வைத்தால் வேறோர் இடத்தில் கோளாறு முளைக்கும். தலைக்குள் பத்து முடிச்சுகளை ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் ஒரு மீட்டிங் வந்தால் அத்தனை முடிச்சும் அவிழ்ந்துவிடும். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பல நிறுவனங்களில் வேலையை இரண்டு வாரத் தவணைகளாகப் பிரித்துத் தருகிறார்கள். ஒரு தவணை முடிந்த மறுநாளே அடுத்தது தொடங்கிவிடும். அறுவடை முடிந்து களத்து மேட்டில் சற்று உட்காரும் நேரம் இந்தத் தொழிலில் கிடையாது.

இதனுடன் கடிகாரமும் சேர்ந்துகொள்கிறது. கோடைக் காலத்தில் இந்திய நேரம் நியூயார்க் நேரத்தைவிட ஒன்பதரை மணி முன்னால் ஓடுகிறது. கலிபோர்னியாவைவிடப் பன்னிரண்டரை மணி முன்னால். அங்கே பனிக்காலம் வந்தால் இந்த இடைவெளி இன்னும் ஒரு மணி நேரம் கூடும். கலிபோர்னியாவில் காலை ஒன்பது மணிக்கு ஒரு கூட்டம் என்றால், சென்னையில் அப்போது இரவு ஒன்பதரை அல்லது பத்தரை மணி. இங்கே கோயில்களில் அர்த்தஜாம பூஜை முடிந்து நடை சாத்தும் வேளையில், அங்கே அலுவலகம் திறக்கிறது. மகன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஆங்கிலத்தில் பேசத் தொடங்குவது அதனால்தான்.

‘ஆன்-கால்’ என்று ஒரு முறையும் உண்டு. குறிப்பிட்ட வாரத்தில் ஓர் ஊழியரின் பொறுப்பில் ஒரு மென்பொருள் விடப்படும். நள்ளிரவு இரண்டு மணிக்கு அது பழுதானாலும் கைப்பேசி அலறும். அவர் எழுந்து சரிசெய்ய வேண்டும். அழைப்பு வராத இரவிலும் வருமோ என்ற அச்சத்தில் உறக்கம் பாதியாகிவிடும். 2020-ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தில் அலுவலகமே வீட்டுக்குள் வந்து அமர்ந்தது. அதன்பின் வேலை எங்கே முடிகிறது, வீடு எங்கே தொடங்குகிறது என்ற எல்லைக்கோடு பல குடும்பங்களில் இன்னும் திரும்பவில்லை.

இவற்றைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. கொத்தனார் மாலையில் திரும்பிப் பார்த்தால் தாம் எழுப்பிய சுவர் நிற்கும். சமையற்காரர் பந்தியைப் பார்த்தால் உண்டவர் முகம் தெரியும். நிரல் எழுதுபவருக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. ஆறு மாதம் உழைத்து உருவாக்கியது வெளிவராமலே கைவிடப்படலாம். வெளிவந்தாலும் மூன்றாண்டில் பழையதாகிவிடலாம். அதைப் பயன்படுத்துபவர் யார் என்பதே பெரும்பாலும் தெரியாது. கற்ற கல்வியும் விரைவில் பழசாகிறது. நிரலைத் தானே எழுதும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் இப்போது வந்துவிட்டன. நாற்பது வயதில், ‘இன்னும் எத்தனை நாள் நம்மை வைத்துக்கொள்வார்கள்?’ என்ற கேள்வி நெஞ்சில் குடியேறிவிடுகிறது.

களைப்புக்கு ஒரு பெயர்

இந்த நிலையை ஆங்கிலத்தில் ‘பர்ன் அவுட்’ என்கிறார்கள். எண்ணெய் வற்றித் திரி கருகிப்போன விளக்கின் நிலை என்று கொள்ளலாம். ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1974-ஆம் ஆண்டு இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நியூயார்க் நகரில் போதைப் பழக்கத்தால் சீரழிந்தவர்களுக்கான இலவச மருத்துவ நிலையத்தில் தொண்டு செய்தவர்களை அவர் கவனித்தார். தாமே விரும்பி, பேரார்வத்துடன் வந்தவர்கள்தாம் சில மாதங்களில் உள்ளுக்குள் கருகிப்போயிருந்தார்கள். பெற்றோர் மனத்தில் கொள்ள வேண்டிய உண்மை இது. இந்தச் சோர்வு சோம்பேறியைத் தேடி வருவதில்லை. பெரும்பாலும் பொறுப்பைத் தலைமேல் போட்டுக்கொண்டு உழைத்தவரையே தேடி வருகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டு மே மாதம் இதற்கு ஒரு விளக்கம் தந்தது. இதை நோய் என்று அது வகைப்படுத்தவில்லை. பணியிடத்தில் நீண்ட நாள் தொடரும் மன அழுத்தத்தைச் சரிவரக் கையாளாததால் விளையும் நிலை என்றது. மூன்று அடையாளங்களையும் சுட்டியது. ஆற்றல் முழுவதும் வற்றிப்போனது போன்ற களைப்பு முதலாவது. வேலையின்மீது விலகலும் கசப்பும் தோன்றுவது இரண்டாவது. முன்போல் வேலை செய்ய இயலவில்லை, திறமை போய்விட்டது என்ற உணர்வு மூன்றாவது.

வீட்டில் இவை வேறு உருவத்தில் தென்படும். ஞாயிறு மாலையிலேயே முகம் வாடிவிடும். எட்டு மணி நேரம் உறங்கி எழுந்தாலும் அசதி தீராது. குழந்தை ஏதோ கேட்டால் எரிந்து விழுவார்கள். பிறகு அதற்காக வருந்துவார்கள். பிரதோஷத்துக்குக் கோயிலுக்கு வந்தாலும் கை கைப்பேசியையே தடவிக்கொண்டிருக்கும். பேச்சுவாக்கில் தோப்பும் துரவும் வரத் தொடங்குவதும் இந்த நாட்களில்தான்.

கனவு கேட்பது என்ன?

இளைஞர்கள் ஏங்கும் தொழில்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அவற்றுக்குள் ஓர் ஒற்றுமை புலப்படும். உழவு, மாடு வளர்ப்பு, தச்சு, சமையல், ஆசிரியப் பணி ஆகிய ஐந்திலும் செய்தது கண்ணுக்குத் தெரிகிறது. பயன் பெறுபவர் எதிரில் நிற்கிறார். உடலும் உழைக்கிறது. வேலை முடிந்தது என்று சொல்ல ஒரு நேரம் இருக்கிறது, அல்லது இருப்பதாகத் தோன்றுகிறது.

ஆகையால் ‘இரண்டு ஏக்கர் நிலம்’ என்று மகன் சொல்லும்போது அவன் கேட்பது நிலமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. இரவில் உறக்கம் வேண்டும், உழைப்பின் பலனைக் கண்ணால் காண வேண்டும், எவருக்கேனும் நேரடியாகப் பயன்பட வேண்டும், பிள்ளை வளர்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்பவையே அந்தச் சொற்களின் உட்பொருளாக இருக்கக் கூடும். இவற்றில் எதுவும் பேராசை அன்று.

எளிய தொழில் எளிதானதா?

எனினும் கனவில் வரும் வயலுக்கும் உண்மையான வயலுக்கும் தூரம் அதிகம். காவிரிப் படுகையில் வேர் விட்ட குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேட்டூர் அணை குறுவைக்காக ஜூன் 12-ஆம் நாள் திறக்கப்படுவது மரபு. நீர் இருப்பு குறைந்த ஆண்டுகளில் அந்த நாள் தள்ளிப்போகும். உழவனின் கணக்கும் அதனுடன் தள்ளிப்போகும். விளைந்து கதிர் சாயும் வேளையில் மழை பிடித்துக்கொள்ளும். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பொதுவிதி. சாலையோரம் நெல்லைக் கொட்டிக் காயவைத்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு தார்ப்பாயுடன் காத்திருப்பவருக்கும் அன்றிரவு உறக்கமில்லை.

தென்னையை ‘பிள்ளை’ என்றே அழைப்பார்கள். நெட்டை ரகம் காய்க்கத் தொடங்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் தலைமுறையாக வளர்ந்த தோப்புகளை ஒரே இரவில் சாய்த்தது. அந்த இழப்பை மாதச் சம்பளத்தில் இருப்பவர் கற்பனை செய்வதுகூடக் கடினம்.

கறவை மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. தீபாவளியன்றும் விடியலில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை மடியில் கை வைத்தாக வேண்டும். தேநீர்க் கடைக்காரர் ஊர் விழிக்கும் முன்பே பாய்லரைப் பற்றவைக்கிறார். நாள் முழுவதும் நின்றே இருப்பதால் நாற்பத்தைந்து வயதில் முழங்கால் வலி வந்துவிடுகிறது. அவருக்கு விடுப்புச் சம்பளம் இல்லை, மருத்துவக் காப்பீடு இல்லை, மாதம் பிறந்தால் நிச்சயமாக வரும் வருமானமும் இல்லை.

வயலில் நிற்பவர் தம் மகனைக் கணினிக்கு அனுப்பக் கல்விக் கடன் கேட்டு வங்கி வாசலில் நிற்கிறார். கணினி முன் இருப்பவர் வயலை நினைத்துப் பெருமூச்சு விடுகிறார். இரண்டு பேருடைய துன்பமும் உண்மையானது. இதை உணர்ந்த பெரியவர் மகனின் சோர்வையும் இகழ மாட்டார், உழவனின் வாழ்வையும் ஓய்வுக்கூடமாக எண்ண விட மாட்டார்.

தொழிலா, தொழில் நடக்கும் விதமா?

இங்கே ஒரு கேள்வி அவசியமாகிறது. கசந்துபோனது நிரல் எழுதும் தொழிலா, அது இப்போது நடக்கும் விதமா?

இரண்டையும் பிரித்துப் பார்த்ததற்கு அண்மைக் காலத்திலேயே நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. ஜோஹோ நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு, அமெரிக்காவில் பல்லாண்டு வாழ்ந்தபின் தென்காசி அருகே மத்தளம்பாறை என்ற சிற்றூருக்கு வந்து குடியேறினார். அவர் மென்பொருளை விட்டுவிடவில்லை. மென்பொருள் அலுவலகத்தையே ஊருக்குக் கொண்டுவந்தார். 2021-ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நிறுவனம் அவருடையது என்பதால் அந்த உரிமை அவருக்கு இருந்தது. எல்லோருக்கும் அது வாய்க்காது. ஆனால் இடத்தை மாற்றுவது வேறு, தொழிலை மாற்றுவது வேறு என்பதை அவரது வாழ்க்கை தெளிவாகக் காட்டுகிறது.

சிலருக்கு வேறு குழுவுக்கு மாறினாலே போதும். சிலருக்கு இரவு வேலை இல்லாத உள்நாட்டு நிறுவனம் போதும். சம்பளம் குறைந்தாலும் கல்லூரியில் கற்பிப்பது சிலருக்குப் பொருந்தும். இத்தனைக்குப் பிறகும் மண்தான் வேண்டும் என்ற விருப்பம் மாறாமல் நிற்பவர்களும் உண்டு. அவர்களைத் தடுப்பதும் முறையன்று.

கணக்குப் பார்க்க வேண்டிய இடம்

முடிவு எதுவாயினும் காகிதமும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்ட பிறகே அது எட்டப்பட வேண்டும். பல இளைஞர்களைக் கட்டிவைத்திருப்பது வீட்டுக் கடன். எடுத்துக்காட்டாக, 50 லட்சம் ரூபாயை எட்டரை விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்குப் பெற்றால் மாதத் தவணை சுமார் 43,400 ரூபாய். முதல் மாதத் தவணையில் 35,400 ரூபாய் வட்டிக்கே போய்விடும்; அசலில் கழிவது 8,000 ரூபாய் மட்டுமே. ஐந்தாண்டுகள் தவறாமல் கட்டினால் செலுத்திய தொகை 26 லட்சத்தைத் தொடும். அப்போதும் அசலில் சுமார் 44 லட்சம் நிற்கும். ‘பாதிக் கடன் முடிந்திருக்கும்’ என்று நினைத்து வேலையை விடுபவர் அதிர்ந்துபோவது இங்கேதான்.

அடுத்தது மருத்துவக் காப்பீடு. பல நிறுவனங்கள் தரும் குழுக் காப்பீட்டில் பெற்றோரும் சேர்க்கப்பட்டிருப்பார்கள். வேலை போனால் அந்தக் குடையும் போய்விடும். எழுபது வயதில் புதிதாகக் காப்பீடு எடுப்பது செலவு மிக்கது. முன்பே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலமும் இருக்கும். ஆகவே வேலையை விடும் முன்பே தனிக் காப்பீட்டுக்கு ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

குறைந்தது ஓராண்டுக் குடும்பச் செலவு தனியே இருக்க வேண்டும். அதில் நிலத்துக்கான முதலீட்டைச் சேர்க்கக் கூடாது. நிலத்தை வாங்கும் முன் குத்தகைக்கு எடுத்து ஒரு போகம் செய்து பார்ப்பது அறிவுடைமை. நாற்றங்காலிலிருந்து விற்பனை வரை ஒரு முறை உடனிருந்து பார்த்தால், ஆசை உறுதியானதா அசதியில் பிறந்ததா என்பது தெரிந்துவிடும். பெற்றோர் தம் ஓய்வுக்கால வைப்புத்தொகையைப் பாசத்தால் எடுத்துக் கொடுத்துவிடுவதும் தவிர்க்கப்பட வேண்டியது. அந்தத் தொகை கரைந்தால் மகனின் தோளில் மற்றொரு சுமை ஏறும்.

காண்டீபம் நழுவிய கை

கடமையின் நடுவில் மனம் தளர்ந்து, எளிய வாழ்வுக்குப் போய்விடத் துடித்தவர்களில் அர்ஜுனனை அறியாதவர் இல்லை. குருக்ஷேத்திரத்தில் அவன் தளர்ச்சி முதலில் உடம்பில்தான் தெரிந்தது. அங்கங்கள் சோர்ந்தன, வாய் உலர்ந்தது, கையிலிருந்து காண்டீபம் நழுவியது. இந்தப் போரைவிடப் பிச்சையெடுத்து உண்பதே மேல் என்ற முடிவுக்கு அவன் வந்தான். அவன் கோழை அல்லன். அன்று வரை அவனுக்கு நிகரான வில்லாளி இல்லை.

கண்ணன் கடிந்துகொண்டது உண்மை. ஆனால் அந்தக் கடிதலுடன் நிறுத்திவிட்டுத் தேரை ஓட்டவில்லை. அர்ஜுனன் மனத்தில் உள்ளதையெல்லாம் கேட்க இடம் தந்தான். ஐயம் எழுந்த போதெல்லாம் சலிக்காமல் விடை சொன்னான். பதினெட்டாம் அத்தியாயத்தின் இறுதிப் பகுதியில், எல்லாம் சொல்லி முடித்த பின்பு, நன்கு ஆராய்ந்து விருப்பம் போலச் செய்யும் உரிமையை அர்ஜுனனிடமே விட்டான். உபதேசித்தவன் பகவான், ஆயினும் முடிவு கேட்டவனுடையதாக இருந்தது. வீட்டுப் பெரியவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ‘போரிடு’ என்ற கட்டளையை அன்று, அந்தப் பொறுமையை.

பெற்றோர் செய்யத் தக்கவை

முதலாவதாக, பிள்ளை பேசும்போது குறுக்கிடாமல் கேட்கலாம். “எங்கள் காலத்தில் நாங்கள் படாததா?” என்ற ஒப்பீடு அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடும். அடுத்த வீட்டுப் பிள்ளையின் சம்பளமும் வெளிநாட்டுப் பயணமும் சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம்.

இரண்டாவதாக, கருகிய மனநிலையில் பெரிய முடிவு எடுக்க வேண்டாம் என்று அன்புடன் சொல்லலாம். சேர்ந்துபோன விடுப்பில் இரண்டு வாரமேனும் எடுத்து, லேப்டாப் இல்லாமல் இருக்கச் சொல்லலாம். குலதெய்வக் கோயிலுக்கோ சொந்த ஊருக்கோ அழைத்துச் சென்று, அங்கே எந்த வேண்டுதலும் அறிவுரையும் இன்றி உறங்க விடலாம். ஓய்வுக்குப் பிறகும் அந்த ஆசை நிலைத்திருந்தால் அதைத் திட்டமாகக் கொண்டு பேசத் தொடங்கலாம்.

மூன்றாவதாக, உறக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தாலோ, வாழ்க்கையே வேண்டாம் என்ற தொனி பேச்சில் வந்தாலோ, தாமதமின்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். இதில் வெட்கப்பட ஏதுமில்லை.

நான்காவதாக, தம்மால் இயன்ற சுமையைப் பெற்றோர் இறக்கிவைக்கலாம். மகன் வேலையை விட முடியாமல் தவிப்பதற்குப் பாதிக் காரணம், “அப்பா அம்மா என்ன நினைப்பார்கள், ஊரில் என்ன பேசுவார்கள்” என்ற அச்சமாகக்கூட இருக்கலாம். “நீ எவ்வளவு சம்பாதித்தாலும் எங்களுக்குச் சரிதான். எங்கள் தேவைக்கு எங்கள் ஓய்வூதியம் இருக்கிறது” என்று சொல்லக் கூடிய நிலையில் உள்ள பெற்றோர் அதை வாய்விட்டே சொல்லிவிட வேண்டும். மனத்தில் இருப்பது பிள்ளைக்குத் தானாகத் தெரிந்துவிடாது.

இத்தனையும் கேட்ட பிறகு மகன் மறுபடியும் கணினியைத் திறக்கலாம். மண்வெட்டியைக் கையில் எடுக்கலாம். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்றைக் காணலாம். எந்த வழியாயினும் அது உறங்கி எழுந்த மனத்துடனும், கணக்குப் பார்த்த அறிவுடனும் எடுத்ததாக இருந்தால் போதும். இன்றிரவு அவன் அறைக்கதவைத் திறந்துகொண்டு வெளியே வரும்போது, மீட்டிங் எப்படி நடந்தது என்று கேட்க வேண்டாம். “சாப்பிட்டாயா?” என்று கேட்டுவிட்டு, சற்று நேரம் பக்கத்தில் அமர்ந்திருக்கலாம். மற்றதை அவனே சொல்வான்.